பக்கீரவ்வா கூப்பிட்ட ஊர்

உங்கள் ஊரின் பெயரை உங்களுக்கே யாராவது திருத்திச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? சென்னையில் ஏதோ ஓர் அலுவலகத்தில் 'தின்னவேலி' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, எதிரில் இருந்தவர் சிரித்ததும் நீங்களும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தீர்களா? அப்படியானால் பக்கீரவ்வாவை நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

வடகர்நாடகத்தில் ஒரு தாலுகா கோர்ட்டில் அவர் டவாலி. கணவர் பார்த்த வேலை, அவர் செத்த பிறகு இவருக்கு வந்தது. ஏழாம் வகுப்புப் படிப்பு, வெண்கலக் குரல். நீதிபதி வழக்குக் கட்டைக் கையில் எடுத்ததும் வராந்தாவுக்கு வந்து, கட்சிக்காரரின் ஊரையும் பெயரையும் சேர்த்து மூன்று முறை கூப்பிட வேண்டும். முதல் முறை படிக்கட்டுக்கு. இரண்டாவது வேப்பமரத்தடிக்கு. மூன்றாவது, சாலைக்கு அந்தப் பக்கம் மிளகாய் பஜ்ஜிக் கடையில் பொரி தின்றுகொண்டிருப்பவர்களுக்கு. அதற்குள் படியேறாதவர் ஆஜரில்லை. வழக்கு அடிபட்டுப் போகும்.

ஊர்ப் பெயரை அந்தந்த ஊர்க்காரர் சொல்கிறபடியே பக்கீரவ்வா கூப்பிடுவார். வழக்குக் கட்டில் 'நீலகெரெ' என்று இருக்கும். அந்த ஊரில் பிறந்த எவர் வாயிலும் அது நீல்கெரிதான். நடுவில் ஒரு சத்தத்தை விழுங்கிக் கடைசியை இகரத்தில் முடிப்பது அந்தச் சீமையின் நாக்கு. பக்கீரவ்வா பிறந்ததும் அதே நீல்கெரியில்தான். இருபது வருஷம் இதில் யாரும் குற்றம் காணவில்லை.

பிறகு மைசூர்ப் பக்கத்திலிருந்து நஞ்சுண்டய்யா சிரஸ்தாராக மாற்றலாகி வந்தார். கோர்ட் அலுவலகமே அவர் கையில். வந்த மூன்றாம் நாள் வராந்தாவில் எல்லோர் முன்னாலும் பக்கீரவ்வாவை நிறுத்தினார்.

"என்னம்மா அது, நீல்கெரி? ஆடு மாடு கத்துற மாதிரி. நீ...ல...கெ...ரெ. எங்க, சொல்லு பார்ப்போம்."

"நான் அந்த ஊர்ல பொறந்தவ, அய்யா. நீங்க போயிருக்கீங்களா?"

"ஊருக்குப் போகணுமா? ரெக்கார்டுல இருக்கு. சுத்தமான கன்னடம் அதுதான்."

"சரி அய்யா, உங்க ஊர் எது?"

"ஹொசஹள்ளி."

"உங்கம்மா அதை எப்படிச் சொல்லுவாங்க?"

நஞ்சுண்டய்யாவின் முகம் சுண்டிப்போனது. அவர் ஊரில் ஹகரம் யார் நாக்கிலும் நிற்காது. அம்மாவுக்கு அது கடைசிவரை ஒசள்ளிதான். ஒரு வக்கீல் இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினார்.

அன்று மாலையே மெமோ வந்தது. ஊர்ப் பெயர்களைப் பதிவேட்டில் உள்ளபடி உச்சரிக்க மறுப்பதற்கு மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும். தவறினால் கூப்பிடும் வேலை பறிக்கப்படும். பக்கீரவ்வா தன் கைப்படவே பதில் எழுதினார்: 'அடுத்தவர் சொல்லிக் கேட்டதை இந்தக் கோர்ட் சாட்சியமாக ஏற்பதில்லை என்று இருபது வருஷமாகக் கேட்டு வருகிறேன். நீலகெரெ என்பது சிரஸ்தார் அய்யா காகிதத்தில் பார்த்தது. நீல்கெரி நான் பிறந்தது.'

நாலாம் நாள் அவரைப் பழைய கட்டுகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார்கள். தோளில் குறுக்காகப் போடும் சிவப்புப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வராந்தாவில் ஒரு குமாஸ்தா வந்து நின்றார். "நீலகெரெ சோமலிங்கப்பா!"

சோமலிங்கப்பா பத்தடி தூரத்தில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷ நிலத் தகராறு, அன்றைக்கு வாய்தா. அவர் காதில் குறையில்லை. எழுந்திருக்கவில்லை.

"நீலகெரெ சோமலிங்கப்பா!"

அவருடைய வக்கீல் ஓடிவந்தார். "யோவ், உன்னைத்தான்யா! எந்திரி! நிலம் போயிடும்!"

"என்னைக் கூப்பிடலியே."

"நீலகெரெ சோமலிங்கப்பா!"

மூன்றும் முடிந்தது. சோமலிங்கப்பா மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த கட்டு, அடுத்த ஊர். அந்த ஊர்க்காரரும் அசையவில்லை. வராந்தா நிறைய ஆட்கள், உள்ளே ஆஜர் ஒருவருமில்லை. ஏழு கட்டுகள் இப்படிப் போனதும் நீதிபதியே எழுந்து வெளியே வந்தார்.

"இது கோர்ட் அவமதிப்பு, சார்!" என்றார் நஞ்சுண்டய்யா.

சோமலிங்கப்பா இப்போதுதான் எழுந்து கும்பிட்டார். "பதினோரு வருஷமா இந்தப் படி ஏறுறேன், சாகேப். நீல்கெரி சோமலிங்கப்பான்னு கூப்பிட்டு ஒரு நாள் வராம இருந்திருக்கேனா? இன்னிக்கு வேற எந்த ஊர்க்காரனையோ கூப்பிட்டாங்க. அவன் வரலபோல."

வராந்தா வெடித்துச் சிரித்தது. நீதிபதி மெமோவையும் பதிலையும் கொண்டுவரச் சொல்லி, நின்றபடியே படித்தார். நிலத்தை உழுது விதைக்கிறவர்களின் நாக்குக்குப் பேனா பிடித்தவன் பாடம் எடுத்த கதை அதில் முழுசாக இருந்தது.

"அந்த அம்மாவைக் கூப்பிடுங்க."

பக்கீரவ்வா கைத்தூசியைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"போய் உங்க வேலையைப் பாருங்கம்மா."

"மெமோ, சாகேப்?"

"அது கிடக்கட்டும்."

"கிடக்கக் கூடாது, சாகேப். நீங்க மாத்தலாகிப் போனதும் அது எந்திரிச்சு உட்காரும். ரத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

நீதிபதி எழுதினார். அடிபடவிருந்த ஏழு கட்டுகளும் மறுபடி மேஜைக்கு வந்தன. பக்கீரவ்வா சிவப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு வராந்தாவின் விளிம்பில் நின்றார்.

"நீல்கெரி சோமலிங்கப்பா!"

சோமலிங்கப்பா அசையவில்லை. இரண்டாவது முறையும் அசையவில்லை. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவது முறை அந்தக் குரல் சாலையைத் தாண்டிப் பஜ்ஜிக் கடையைத் தொட்டபோது, முழுவதையும் காதாரக் கேட்டு முடித்துவிட்டுத்தான் அவர் எழுந்தார்.

"ஏன்யா மூணு தடவை கத்த விட்டே?" என்று பக்கீரவ்வா முறைத்தார்.

"நல்லா இருந்துச்சுக்கா."

இன்றும் புதிதாக ஒரு கட்சிக்காரர் படியேறினால் பக்கீரவ்வா முதலில் கேட்பது, "உங்க வீட்ல ஊரை எப்படிச் சொல்லுவீங்க?" என்பதுதான். நீங்களும் கேளுங்கள். நாளைக்கே உங்கள் மேஜைக்கு முன்னால் ஒருவர் வந்து தன் ஊரைச் சொல்லும்போது, திருத்த எழும் நாக்கை அடக்கிக்கொண்டு, அவர் சொன்னபடியே ஒரு முறை உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள்.