பெரியப்பச்சி நட்ட கல்

என்னைப் பெற்ற அப்பச்சி படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம் பாகம் பிரித்தார்கள். ஊருணிக்கு மேற்கே கிடந்த செம்மண் பொட்டல் எங்களுக்கு என்று முன்பே பேசி வைத்தது. அதை அப்பச்சியின் அண்ணன், என் பெரியப்பச்சி, தன் பங்கில் சேர்த்துக்கொண்டார். ஆத்தா போய்க் கேட்டபோது, "கையெழுத்துப் போட்டாச்சுல்ல, இனி என்ன பேச்சு?" என்றார். காய்ச்சலில் நடுங்கும் கையைப் பிடித்து வாங்கிய கையெழுத்து அது. அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. இன்றும் இல்லை.

அறுபதுகளின் கடைசியில் செல்வ வரி அவர் கழுத்தைப் பிடித்தது. ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். மழைத்தண்ணீர் அந்தப் பொட்டலின் சரிவில் இறங்கித்தான் ஊருணிக்கு வரும். ஊரே குடிப்பது அதைத்தான். பொட்டலை அந்த நீர்வரத்துக்கென்று தர்மத்துக்கு எழுதிவிட்டால் அதற்கு வரி கிடையாது. தர்மத்துக்குப் பொறுப்பாளியும் தானே என்பதால், நிலம் எங்கும் போய்விடாது என்று பெரியப்பச்சி நினைத்தார். உடனே எழுதிக் கொடுத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தர்மம் செய்துவிட்டுக் கல்லில் பேர் வெட்டாவிட்டால் சோறு இறங்காது. கொட்டுமேளத்தோடு கல் நட்டு, ஊருக்கே பாயசம் ஊற்றினார். நானும் குடித்தேன். வயிறு எரிந்தது.

எழுபதுகளில் காரைக்குடி எங்கள் பக்கமாக வளர்ந்தது. பொட்டலை மனை போட்டு விற்கப் பெரியப்பச்சி பேசி முடித்துவிட்டார், வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து ஆள் வருகிறது என்று அவர் வீட்டுச் சமையல்காரம்மா சொன்னாள். அங்கே வீடுகள் வந்தால் ஊருணிக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. கல்லை மறைத்துக் கருவேலமுள் மண்டிக் கிடந்தது. அதை யாரையும் அவர் வெட்டவிடாத காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை, தண்ணீர் எடுக்க வரும் பெண்களைக் கூட்டிக்கொண்டு விடியும் முன் போய் முள்ளை வெட்டினேன். கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, மாலை போட்டுச் சூடம் ஏற்றினோம். பெரியப்பச்சி மதுரைக்காரரோடு வந்து இறங்கினார். எங்களைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

"வாங்க பெரியப்பச்சி. நீக செஞ்ச தர்மத்துக்குத்தான் பூசை. கல்லுல வெட்டியிருக்கறத வந்தவுகளுக்கு நீகளே வாசிச்சுக் காட்டுங்க" என்றேன்.

இத்தனை பேர் முன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? வரிக்காகச் சும்மா எழுதினேன் என்றா சொல்வார்? வாசித்தார். சூரிய சந்திரர் உள்ளவரை இந்த நிலம் ஊருணித் தண்ணீருக்கு என்பதையும், அதன் கீழே தன் பேரையும், தன் வாயாலேயே வாசித்தார். அந்தக் குரல் நடுங்கியது இருக்கிறதே, அப்பச்சியின் கை நடுங்கியதுபோலவே நடுங்கியது. எனக்கு அது இனித்தது.

மதுரைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார். "தர்மத்துக்கு விட்ட எடத்த வாங்குனா என் பிள்ளைக விளங்குமாய்யா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

பொட்டல் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. வேண்டாம். அந்த வருஷம் மழையில் ஊருணி நிறைந்ததும், முதல் குடத்தை நானே மொண்டு, நானே சுமந்து, பெரியப்பச்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.