அப்பா சோடியேர் திருத்திய குளிர்காலம்

தனக்குத் திருத்தத் தெரியாத சாமான் உலகத்தில் கிடையாது என்பது அப்பாவின் அபிப்பிராயம். பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில், காபிரேட்டருக்கு ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஏமாற்றிவிட்டு, மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். எது மறிக்கிறதோ அதைக் கழற்றி எறி, வயரை நேரே கொளுவு. அவர் கற்ற பொறியியல் அவ்வளவுதான். பிரான்சில், லா சப்பலில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுச் சோடியேர் அந்தப் பொறியியலிடம் வந்து மாட்டியது 2009 மார்கழியில். எனக்கு ஒன்பது வயது.

சோடியேர் என்றால் குசினிச் சுவரில் தொங்குகிற வெள்ளைப் பெட்டி. உள்ளே காஸ் எரியும். அந்தச் சூட்டில்தான் வீடும் குளிக்கிற தண்ணீரும் சூடாகும். அது எரிந்த பத்தாவது நிமிடமே அணையத் தொடங்கியது. திருத்துகிறவர்களுக்கு நான்தான் பிரெஞ்சில் போன் எடுத்தேன். மூன்று கிழமை கழித்து வருவதாக ரொந்தேவு தந்தார்கள்.

"மூண்டு கிழமையோ? அதுக்குள்ளை நாங்கள் விறைச்சுப் போவம்" என்று அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் குற்றவாளி பிடிபட்டது. புகைக் குழாயின் அடியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு துண்டு. "இவன்தான் கள்ளன், இவன்தான் நெருப்பை நூக்கிறான்" என்று அதைக் கழற்றி, அதன் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றினார். சோடியேர் எரிந்தது, அணையவேயில்லை. பிறகு சுவரின் அடியில் குளிர்காற்று வரும் ஓட்டையைக் கண்டுபிடித்தார். "குளிர் நாட்டிலை சுவரிலை ஓட்டை விட்டிருக்கிறாங்கள், விசரங்கள்" என்று இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்றை அதற்குள் அடைத்தார். வீடு சித்திரை மாதம்போலச் சூடாகிவிட்டது. அப்பா இரண்டு நாள் பெனியனோடு திரிந்தார்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. வன்னியில் இருந்த அந்த மாமாவைப் பற்றிய சேதி அந்த வருடம் போர் முடிந்த வைகாசியோடு நின்றுபோனது. செத்துவிட்டார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. அம்மா எழுதாத அலுவலகம் இல்லை, போன் எடுக்காத சனம் இல்லை. பதில் வந்த கடிதங்களிலும் ஒரு பதிவு இலக்கம்தான் இருந்தது. போன் அடித்தால் சவர்க்கார நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவருவார்.

சோடியேர் திருத்திய மூன்றாம் நாள் எல்லோருக்கும் தலையிடி. கண்ணூறு என்று அம்மா செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். எனக்கு வீட்டுப்பாடம் செய்ய உட்கார்ந்தால் தலை இடிக்கும், பள்ளிக்கூடம் போகும் வழியில் விட்டுவிடும். அதனால் என் வருத்தம் கள்ள வருத்தம் என்று தீர்ப்பாயிற்று.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்தபோது குசினிக்குள் அம்மா யாரோடோ தணிந்த குரலில் கதைப்பது கேட்டது. மேசையில் இரண்டு தேத்தண்ணீர். எதிர்க் கதிரையில் ஒருவரும் இல்லை.

"ஆரோடையம்மா கதைக்கிறீங்கள்?"

"மெல்லக் கதை பிள்ளை. மாமா வந்திருக்கிறான். நல்லாக் களைச்சுப் போனான்."

அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது. ஆனால் அதற்கு இரண்டு நாள் கழித்து அந்தக் கதிரை வெறுமையாக இருக்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பிய ஒரு முதுகு. ஈரச் சட்டை ஒட்டிப்போய்க் கிடந்தது. திரும்பிப் பார்த்துவிடுமோ என்று நான் ஓடிப்போய்ப் போர்வைக்குள் சுருண்டேன். "சாப்பிட்டியோ?" என்று அம்மா குசினிக்குள் கேட்டார். என்னை அல்ல. என்னிடம் அவர் அவ்வளவு அன்பாக ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பாவிடம் சொன்னேன். ரெஸ்ரோறன்ரில் பகல் முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு வருகிறவர். "கொம்மாவுக்கு யோசனை கூடிப்போச்சு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. யன்னலெல்லாம் பூட்டிக்கொண்டு மூவரும் வீட்டிலேயே இருந்தோம். மத்தியானம் சாப்பிட்டு எழும்பியவர் கதவடியில் அவ்வளவையும் சத்தியெடுத்துக்கொண்டு விழுந்தார். எனக்குக் கால் சொல்வழி கேட்கவில்லை. தவழ்ந்துபோய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கிருந்த அல்ஜீரியப் பெண்தான் எங்களை ஒவ்வொருவராக வெளியே இழுத்துப் போட்டு, தீயணைப்புக்காரருக்கு போன் எடுத்தார்.

விசயத்தைப் பிறகு ஆஸ்பத்திரியில் விளங்கப்படுத்தினார்கள். புகைக் குழாய் அடைபட்டிருந்ததாம், அப்பா சாரம் அடைத்த ஓட்டை காற்றுக்கு விட்ட வழியாம். அப்பா கழற்றிய கள்ளன் உண்மையில் காவல்காரன்; நஞ்சுப் புகை வீட்டுக்குள் திரும்பினால் நெருப்பை அணைக்கத்தான் அவனை அங்கே வைத்திருந்தார்கள். மணமும் நிறமும் இல்லாத அந்தப் புகையை நாட்கணக்காகச் சுவாசித்தால் தலை இடிக்கும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதும் உண்டாம்.

ஆனால் அன்றைக்கு, கீழே தெருவில், இதொன்றும் எங்களுக்குத் தெரியாது. போர்வையும் ஒட்சிசன் முகமூடியுமாக இருந்தோம். தீயணைப்புக்காரரில் பெரியவர் என்னிடம் குனிந்து, வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா முகமூடியை இழுத்துக் கழற்றினார்.

"நாலு பேர்."

"மூண்டு பேர் அம்மா."

"நாலு பேரெண்டு சொல்லு!"

என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் நான் "கத்ர்" என்றேன். நாலு. உடனே இரண்டு பேர் படியேறி ஓடினார்கள். யன்னல்களுக்குள் அவர்களின் தலைக்கவசங்கள் அறை அறையாகப் போவதை அம்மா கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கிவந்து, ஒருவரும் இல்லை என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன்.

"வடிவாப் பாக்கச் சொல்லு. கட்டிலுக்குக் கீழையும் பாக்கச் சொல்லு."

எனக்கு மானம் போனது. தெரிந்த கடைக்காரர் எல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருந்தும் சொன்னேன். பெரியவர் அம்மாவின் முகத்தை ஒருதரம் பார்த்தார். ஏசவில்லை, இந்த முறை தானே ஏறிப்போனார்.

அம்மா என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருந்தேன். வைகாசியிலிருந்து அம்மா அத்தனை பேரிடம் கெஞ்சியும், அவருடைய தம்பியைத் தேடி ஒரு மனிதர் உண்மையாகவே படியேறிப்போனது அன்றைக்குத்தான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.