அம்மா நெத்திப் பொட்டு

பூண்டுலோயா டவுன்லேர்ந்து மண்ணு தோண்டுற பெக்கோ மெசின் காலையிலயே ஏறி வந்துருச்சு. எங்க அம்மா சிலைய இடிக்கத்தான். சிலைக்குக் கண்ணு தொறந்து முழுசா ஒரு நாள்கூட ஆகல.

எங்க அம்மா யாருன்னு மொதல்ல சொல்லிடுறேன். எங்க தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல ஆயாவா இருந்தாங்க. கொழுந்து எடுக்கப் போறவங்க கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம் அது. அப்ப எனக்குப் பத்து வயசு. ஒரு அடமழையில காம்பராவுக்குப் பின்னால இருந்த மண்மேடு சரிய ஆரம்பிச்சிருச்சு. அம்மா இடுப்புக்கு ஒண்ணா ரெண்டு ரெண்டு புள்ளையாத் தூக்கிட்டு வந்து ரோட்டுல எறக்கிட்டு எறக்கிட்டு ஓடுனாங்க. எல்லாம் வந்துருச்சான்னு எண்ணிப் பாக்க நேரமில்ல. இன்னும் ஒண்ணு கெடக்குமோன்னு திரும்பவும் உள்ள போனாங்க, மேடு மொத்தமா எறங்கி மூடிருச்சு. உள்ள ஒரு புள்ளையும் இல்ல. அத நெனச்சா எனக்கு இன்னமும் வயிறு எரியுது.

அந்தப் புள்ளைங்கதான் இப்ப வளந்து, கொழும்புல கடை, வேன்னு ஆளுக்கொரு தொழில் பாக்குறாங்க. அவங்க எல்லாரும் சேந்து அந்த எடத்துலயே ஆயாவுக்குச் சிலை வைக்கணும்னாங்க. தோட்டத்து மேனேஜரு பெரிய தொரகிட்டப் போயி நின்னு அனுமதி எழுதி வாங்குனது நான். நெனவுச் சின்னம் மட்டுந்தான், கோயில் கூடாது, பூசை கூடாதுன்னு கடுதாசியில இருந்துச்சு. தலையாட்டிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

சிலை செய்ய வந்த மேஸ்திரிக்குத் தெரிஞ்சதெல்லாம் மாரியம்மனும் முனியாண்டியுந்தான். ஆனா கை இருக்கே, என்னா கை! ரெண்டு இடுப்புலயும் ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு எங்க அம்மா அப்பிடியே நின்னாங்க. கடைசி நாளு கண்ணு தொறக்கணும்னு சொல்லி, கண்ணாடி காட்டி, பூசணிக்கா ஒடச்சு, சூடங் கொளுத்திட்டாரு. ஒருத்தராவது தடுக்கணுமே? கோயிலுக்கு வெளிய நாங்க எங்க சிலையக் கண்டோம்? சிலைன்னா அப்பிடித்தான் கண்ணு தொறப்பாங்கன்னு நானே கும்புட்டுக்கிட்டு நின்னேன். அப்பறம் ஒருத்தி மாலை போட்டா, ஒருத்தி வேப்பிலை சொருகுனா. அம்மாவுக்குப் பொட்டு வைக்கக் குங்குமம் கொழப்பிக் குடுத்தது, வேற யாரு, நாந்தான். புத்திகெட்டவ.

மலையில வேல வாங்குற கண்டாக்கு அந்தப் பக்கமா வந்தாரு, நின்னு பாத்தாரு, நேரா தொர பங்களாவுக்குப் போயிட்டாரு. மறுநாள் காலையில பெரட்டுல பேரு குடுத்து ஆளுங்க வேலைக்குக் கலைய முன்னாடியே தொரயோட ஜீப்பும் பெக்கோவும் வந்து நிக்குது.

"நீதானே கையெழுத்துப் போட்ட?"ன்னாரு தொர. "இன்னைக்கிப் பொட்டு. நாளைக்கிக் கூரை. அடுத்த வருசம் தேரு. அப்ப நா மேல உள்ளவங்களுக்கு என்னா சொல்றது? பத்து நிமிசம் தாறேன். எல்லாம் சுத்தமா எடுத்தா சிலை இருக்கும். இல்லாட்டி மெசின்."

அந்த மனுசன் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மாலை, வேப்பிலை, எலுமிச்சம்பழம் எல்லாத்தையும் மளமளன்னு எடுத்துட்டோம். பொட்டு மட்டும் மிச்சம். பொட்டுக்கிட்ட வந்ததும் அத்தன கையும் நின்னு போச்சு.

எங்க அம்மா பூவும் பொட்டுமாப் போனவங்க. எங்கள்ல ஒரு பொம்பளையோட பொட்ட அழிக்கிறது அவ புருசன் செத்த அன்னைக்கித்தான். எங்க அப்பா உசுரோட, அந்தா அந்த மதகுக் கட்டையில ஒக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்காரு. அவரு கண்ணு முன்னாலயே யாரு போயி அந்த நெத்தியில கை வைப்பா?

தோட்டத்துச் சங்கத் தலைவர் என் காதுகிட்ட வந்து, "நீ மகதானே, சட்டுனு தொடச்சு விட்ரு"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏன் தலைவரே, உங்க அப்பா இருக்கையில உங்க அம்மா பொட்ட நீங்க அழிப்பீங்களா?"

ஒரு வாளித் தண்ணிய ஊத்திட்டா என்னான்னு பின்னாலேர்ந்து ஒரு சத்தம். ஊத்துனா மட்டும் அழிச்சதா ஆகாதா?

அப்ப ஒரு தம்பி முன்னால வந்தான். வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போறவன், அன்னைக்கி அம்மா தூக்கிட்டு வந்த புள்ளைங்கள்ல ஒருத்தன். "எங்களுக்குத்தான் பொட்டு இல்லையே அக்கா, நா எடுக்குறேன்"னு பீடத்துல ஏறுனான். கையத் தூக்குனவன் அப்பிடியே நின்னான். அப்பறம் எறங்கி வந்துட்டான். "முடியலக்கா. என்னையத் தூக்குன கை பக்கத்துலயே இருக்கு"ன்னு அழுதுட்டான்.

தொர மணியப் பாத்தாரு. டிரைவருக்குக் கையக் காட்டுனாரு. மெசின் உறுமிக்கிட்டு ஒரு அடி முன்னால வந்துச்சு. இனி ஆவுறது ஆவட்டும்னு நானே ஏறிட்டேன். ஏறுனேனே தவிர, அந்தக் கண்ணப் பாத்ததும் கை அம்மா மூக்குக்கு மேல போக மாட்டேங்குது. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா. நா யாரச் சாகக் குடுக்க?

"எறங்கு புள்ள."

அப்பா. எப்ப எந்திரிச்சு வந்தாரோ தெரியல. தோள்ல கெடந்த துண்ட மதகுத் தண்ணியில நனச்சுப் புழிஞ்சு கையில வச்சிருந்தாரு.

"வேணாம்ப்பா."

"அந்தப் பொட்டு யாருக்காக இருக்கு? எனக்காகத்தானே. நா எடுத்தா எவனுக்கு என்னா?"

தம்பிமாரு ரெண்டு பேரு தாங்கி ஏத்தி விட்டாங்க. எடது கையால அம்மா தாடையப் புடிச்சுக்கிட்டு, சின்னப் புள்ளைக்கி மூஞ்சி தொடைக்கிற மாதிரி மெதுவாத் தொடச்சாரு. சிமிந்தி குங்குமத்தக் குடிச்சிருந்துச்சு, லேசுல வரல. திரும்பத் திரும்பத் தொடச்சாரு. அவரு ஒதடு மட்டும் அசஞ்சுச்சு. என்னா சொன்னாருன்னு எங்க யாருக்கும் கேக்கல.

"மே கவுத?" இது யாருன்னு தொர சிங்களத்துல என்கிட்டக் கேட்டாரு.

யாருன்னா என்னான்னு சொல்றது? "அந்தம்மா புருசன்"னு சிங்களத்துலயே சொன்னேன்.

தொர தொப்பியக் கழட்டிட்டாரு. மெசினத் திருப்பச் சொன்னாரு. நாங்க யாரும் கை தட்டல, சந்தோசப்படல. அப்பாவ எறக்கி விட்டுட்டு எல்லாரும் அவங்கவங்க கொழுந்து மலைக்குப் போயிட்டாங்க.

சிலை இன்னைக்கும் நிக்கிது, வெறும் நெத்தியோட. அப்பா அந்தத் துண்டக் குங்குமக் கறையோட அப்பிடியே மடிச்சுத் தலகாணிக்கு அடியில வச்சிருக்காரு. ஒரு நாளு மத்த துணியோட சேத்துத் தொவைக்க எடுத்துட்டேன். "வையிடி அத!"ன்னாரு. எங்க அப்பா என்னைய அப்பிடி அதட்டி நா கேட்டதே இல்ல. வச்சிட்டேன்.