ஊசி வரிசையில் சந்தனம்

தொண்டையில் வந்த கட்டிக்காக என் மனைவியின் குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் போனை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி மொட்டைமாடிக்குப் போய், தனியாக என்னென்னவோ பேசிப் பதிவு செய்துகொண்டு வந்தாள். நான் அதைக் கேட்கவே இல்லை. தைரியம் வரவில்லை. திண்டுக்கல்லில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். ஊரார் குரலையெல்லாம் கூம்பு ஸ்பீக்கர் கட்டி முழங்கவிட்டவன், வீட்டுக்காரி குரலுக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

வீடு திரும்பியபின் கை தட்டித்தான் என்னைக் கூப்பிட்டாள். நான் பின்கட்டில் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன், காதில் விழாது. ஒருநாள் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தட்டோடு வந்து சோற்றை என் முன்னால் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. அதற்கப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

கோயம்புத்தூரில் படிக்கும் எங்கள் மகள், சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டையும் சில பட்டன்களையும் வாங்கி அனுப்பினாள்.

"அப்பா, அம்மா உங்க போன்லேர்ந்து எனக்கு அனுப்புன பேச்ச நான் துண்டு துண்டா வெட்டி வச்சிருக்கேன். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பேச்சு. ஒண்ணும் எழுத வேணாம். கம்ப்யூட்டர்ல கலர் கட்டைங்க வரும், இழுத்துக் கோத்தாப் போதும்" என்றாள் போனில்.

போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்ன ஊசிகள். பட்டனின் ஒயர் முனையில் இருக்கும் குழிவாயை அதில் ஒன்றின்மேல் செருக வேண்டும். 'இந்த ஊசியில் பட்டன் அழுத்தப்பட்டால், இந்தச் சத்தத்தைப் போடு' என்று கட்டைகளைக் கோத்தேன். சோதனைக்கு அந்த மென்பொருளிலேயே இருக்கும் பூனைச் சத்தம். திரையில் கட்டையைத் தொட்டால், போர்டோடு இணைத்திருந்த கூம்பு வழியாகப் பூனை கத்தியது. பட்டனை அழுத்தினால் ஒன்றுமில்லை. குழந்தை விளையாட்டுக் கட்டை என்னை ஏய்க்கிறதே என்று எரிச்சலாக வந்தது.

"எத்தனாவது ஊசிப்பா?" என்றாள் மகள் போனில்.

"நீ சொன்ன இருபத்திமூணுதான். எண்ணித்தான் செருகுனேன்."

"ஐயோ அப்பா! அது ஊசிக்கு வச்ச பேரு. வரிசையில எண்ணுனா அது பதினாறாவது."

பேருக்கும் இடத்துக்கும் சம்பந்தமில்லாமல் எவன் வைத்தானோ என்று திட்டிக்கொண்டே மாற்றிச் செருகினேன். அப்போதும் பூனை வாயைத் திறக்கவில்லை. மகள் ஊசியை 'இன்புட்' ஆக்கச் சொன்னாள், ஆக்கினேன். போர்டை அணைத்துப் போடச் சொன்னாள், போட்டேன். ஊஹூம்.

கடைசியில் எனக்குத் தெரிந்த தொழிலுக்கு வந்தேன். கரண்டை நிறுத்திவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஊசியிலும் மறுமுனையை ஒயரின் கோடியிலும் வைத்தேன். தொடர்பு இருந்தால் கூவும் மீட்டர் கூவவில்லை. ஒயர் ஊசியைத் தொடவே இல்லை! உருவிப் பார்த்தால் அதன் வாய்க்குள் மஞ்சளாகக் காய்ந்த தூள். முகர்ந்தேன். சந்தனம்.

திரும்பிப் பார்த்தேன். மனைவி மோதிர விரலால் தன் நெற்றியைத் தொட்டு, பிறகு போர்டைக் காட்டினாள். வீட்டுக்கு எந்த மிஷின் வந்தாலும் முதலில் பொட்டு. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாமே பொட்டோடுதான் இருக்கின்றன. குங்குமம் உதிர்ந்துவிட்டது, சந்தனம் பொன்னிற ஊசிகளோடு ஒட்டி நிறம் தெரியாமல் காய்ந்திருக்கிறது.

"ஏன்டி, நெத்தி எதுன்னு பாத்து வைக்கக்கூடாதா? வாயிலயா வைப்ப?" என்றேன். அவள் தோள் குலுங்கச் சிரித்தாள்.

பழைய பல் பிரஷ்ஷில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொரு ஊசியாகத் தேய்த்தேன். புது ஒயர் போட்டேன். பட்டனைத் தொட்டதும் பூனை கத்தியது. முப்பது வருஷமாக ஒயரோடு புழங்குகிறவனுக்கு அன்று உடம்பு சிலிர்த்தது. கண்ணாடித் திரையில் நான் இழுத்து வைத்த ஒரு வண்ணக் கட்டை, வெளியே என் விரல் பட்டதை உணர்கிறது! எப்படி என்று மகள் விளக்கினாள். விளக்கியபின்னும் ஆச்சரியம் துளிகூடக் குறையவில்லை.

மகள் அனுப்பிய முதல் துண்டைப் பூனையின் இடத்தில் வைத்தேன். கேட்டுப் பார்க்காமலே வைத்தேன்.

"நீயே அமுக்கு" என்றேன்.

அவள் செத்த நேரம் தயங்கிவிட்டு அழுத்தினாள்.

"ஏங்க, எம்புட்டு நேரமாக் கூப்பிடுறேன், காதுல விழுகலையா? சோறு ஆறுது, வாங்க!"

இனி குரல் இல்லை என்று தெரிந்த நாளில், மொட்டைமாடியில் நின்று அவள் எனக்காகச் சொல்லி வைத்தது இதைத்தான். அவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். இருந்தும் நான் பாதி எழுந்து, "இந்தா வாரேன்" என்று கூம்பைப் பார்த்துக் கத்தினேன்.