சாச்சா ஓதிய தண்ணீர்

கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கல்யாணத்தின்போது வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். அதனால் உம்மாவும் அவருடைய தங்கை, என் சாச்சியும் ஒரே வளவில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். நடுவில் வேலி கிடையாது. சாச்சியின் கணவர் சாச்சா, தொழுகை தவறாதவர், ஊரில் நல்ல பேர். நான் சிறுமியாக இருந்தபோது, சாச்சி வீட்டில் இல்லாத பகல்களில், செய்யக்கூடாததையெல்லாம் அவன் என்னிடம் செய்தான். இனியும் மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை.

மகள் பிறந்த பிறகு அது நோயாக வந்தது. கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும். குழந்தையை யாராவது தூக்கினால் உடம்பு நடுங்கும். ஜின் பிடித்துவிட்டதென்று வீட்டில் முடிவு கட்டினார்கள். குர்ஆன் ஓதித் தண்ணீரில் ஊதித் தர ஆள் தேடி அலையவும் இல்லை, பக்கத்து வீட்டிலேயே ஒருவன் இருந்தானே! அவன் ஓதி ஊதிய தண்ணீரை உம்மா எனக்குப் பருக்கினார். நான் துப்பினேன். துப்பியது ஜின்தான் என்றார்கள். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு ஒளித்து ஒளித்து மனநல கிளினிக்குக்குப் போனேன். ஜின் பிடித்தவளென்றால் ஊர் இரக்கப்படும். கிளினிக்குக்குப் போகிறவளென்றால் அவள் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று இப்போதே கதைக்கும். அங்கே ஒரு பெண் டொக்டரிடம்தான் முதன்முதலாக வாய் திறந்தேன். மெல்ல மெல்ல நித்திரை வந்தது.

போன மாதம் மகள் நாய்க்குப் பயந்து காய்ச்சலில் கிடந்தாள். ஒருநாள் பின்னேரம் நான் அஸர் தொழுதுவிட்டு வெளியே வர, உம்மா அவள் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து வளவுக்குள் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

"சாச்சாக்கிட்ட அனுப்புறன். தலையில ஓதி ஊதினா காய்ச்சல் விட்டுரும். சாச்சி வெளிய போயிட்டா, மனிசன் சும்மாதான் இரிக்காரு."

ஓடிப்போய்ப் போத்தலைப் பிடுங்கி எறிந்தேன்.

"என்னகா இது? புள்ளைக்குக் காய்ச்சல்!"

"அவள் அங்க போக மாட்டாள்."

"ஏன்?"

"சின்ன வயசில அந்தாள் என்னைக் கெட்ட வேலை செஞ்சது உம்மா. சாச்சி இல்லாத நேரமெல்லாம்."

உம்மா கத்துவார், என் வாயைப் பொத்துவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே படியில் குந்திவிட்டார்.

"அங்க போக மாட்டனெண்டு நீ அழுவாயே..."

"ஓம்."

"பிடிவாதமெண்டு அடிச்சு அனுப்பினது நான்தானே மகள்."

அவன் முகம் எனக்கு ஒருநாளும் மறக்கவில்லை. அந்த அடியைத்தான் மறந்திருந்தேன். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். உம்மா கையை நீட்டினார். அன்று நான் தொட விடவில்லை.