சொல்லிக்கொண்டு போகாதவர்

சாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குத் துணையாகப் போய் உட்காரும் சேவையை நான் எடுத்துக்கொண்டது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. தி. நகரிலிருந்து பஸ் ஏறிப் போவேன். கூட வரும் நர்ஸ் புண்ணுக்கு மருந்து வைப்பாள். நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என்னைப் போன்ற வாயாடிக்கு அதுதான் பெரும்பாடு. ஆனாலும், "எல்லாம் சரியாயிடும்" என்று அளக்க வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடையாற்றின் கரையோரம் ஒரு வீடு. ஆட்டோ ஓட்டியவருக்குத் தொண்டையில் புற்றுநோய். இனி செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குரல் அடியோடு போயிருந்தது. முதல் நாளே அவர் மனைவி என்னிடம் புகார் வாசித்தாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு நாளாச்சும் சொல்லிக்கினு கெளம்பியிருக்காரான்னு கேளு யக்கா. டீ குடிச்சிக்கினு இருப்பாரு. திரும்பிப் பாத்தா ஆட்டோ சத்தம் தெருமுனையில கேக்கும்."

அவர் படுத்தபடியே சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் கிளம்பும்போது, "போயிட்டு வரேன்" என்றேன். விரலைத் தூக்கினார்.

"உனக்குன்னா கை தூக்குது பாரு," என்றாள்.

பிறகொரு நாள், செருப்பு மாட்டும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தபாவாச்சும் சொல்லிட்டுப் போவட்டும் யக்கா. அந்த மாதிரி விரலத் தூக்கினாக்கூடப் போதும்." அதற்காகவே அவரை விட்டு நகராமல் இருந்தாள். பூண்டு உரிப்பதுகூடக் கட்டிலோரத்தில்தான்.

தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டுக் குடத்தோடு ஓடியிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் போனேன். அவள் அழவில்லை, கல்லாக உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டில் யாரும் விடைபெறுவதில்லை. "வரேன்" என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடுமாம். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, பேசாமல் படி இறங்கினார்கள். போகிற ஒவ்வொரு முதுகையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் எழுந்தேன். பழக்க தோஷம், "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவளுடைய அத்தை என்னை முறைத்தாள். "சாவு வூட்ல இன்னா பேச்சு இது? படிச்ச பொம்பளதான நீ?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நீ சும்மா இரு அத்த," என்றாள் அவள். பிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்து, "இன்னொரு தபா சொல்லு யக்கா," என்றாள்.

சுற்றிலும் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போயிட்டு வரேன்," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தாள்.

"பாத்துப் போய்யா," என்றாள்.