பெரியப்பா குடோனில் சாப்பிட்ட நாட்கள்

எங்கள் பெரியப்பா அதிர்ந்து பேசாதவர். சந்தையில் பேரம் பேசும்போதுகூடக் கடைக்காரர் மனம் நோகுமோ என்று தயங்குபவர். அப்படிப்பட்டவரைக் கண்டாலே புதுச் சித்தி பயத்தில் மயங்கி விழுகிறாள் என்று எங்கள் ஊர் வாழவந்தி முழுக்கப் பேச்சாகிவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி கொட்டச்சேட்டிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பெரியம்மா இறந்துபோனபின் பெரியப்பாவும் எங்களோடுதான் இருந்தார். கணவனின் அண்ணன் எதிரில் தம்பி மனைவி உட்கார்ந்திருப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. சித்தி களத்தில் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, சோறு தின்றுகொண்டிருந்தாலும் சரி, பெரியப்பாவின் தலை தெரிந்ததும் விசுக்கென்று எழுந்து நிற்பாள். அடுத்த நொடி முகம் வெளுத்து, கொடியிலிருந்து நழுவிய ஈரத்துணி மாதிரி கீழே கிடப்பாள். தண்ணீர் தெளித்தால் கண் விழித்து, ஒன்றுமில்லை என்று சிரிப்பாள். முதுகில் காதை வைத்துக் கேட்டால் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

அம்மா மந்திரித்த கயிறு கட்டினாள். சித்தப்பா சேலத்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு டாக்டர், ஏற்காட்டு வளைவுகளில் பஸ்ஸில் இறங்கிவந்தால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும் என்று வாந்தி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் அவரைவிடக் கெட்டிக்காரி. பெரியப்பா தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்ச் சொல்லிவிடுவேன். சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுவாள். அப்படி எழுந்தால் விழுவதில்லை. ஒரு நாள் நான் கொய்யா மரத்தில் மெய்ம்மறந்து இருந்துவிட்டேன். சித்தி படிக்கல்லில் விழுந்து புருவம் கிழிந்துபோனது.

மறுநாளே அவள் அப்பா வந்துவிட்டார். கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"ஏனுங்க, உங்களக் கண்டா எம்புள்ள நொம்பப் பயப்படுதுங்க. கொஞ்ச நாளைக்கு எங்க ஊட்டுலயே இருக்கட்டுங்க" என்றார் பெரியப்பாவிடம்.

"எனக்குப் பயமெல்லாம் இல்லீங்கப்பா" என்று சித்தி அழுதாள். யாரும் நம்பவில்லை. போனால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று எனக்கே தெரிந்தது. பெரியப்பா கைகூப்பி ஒரு வாரம் தவணை கேட்டார்.

அந்த வாரத்தில் சித்தப்பாவும் அவருமாக வேறொரு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனார்கள். அந்தம்மா சித்தியைப் படுக்கவைத்து நாடி பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். நின்றதும் நாடி தறிகெட்டு ஓடியது. இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் நம்மைக் கேட்காமல் தானாகவே கவனித்துக்கொள்ளும் நரம்புகளில் கோளாறாம். எழுந்தால் ரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறதாம். சட்டென்று எழக் கூடாது, அதிக நேரம் நிற்கக் கூடாது, தண்ணீரும் உப்பும் நிறையச் சேர்க்க வேண்டும். பெரியப்பாவுக்கோ ரத்தக்கொதிப்பு, உப்பே ஆகாது. டாக்டர்களெல்லாம் ஒன்றுகூடித் தன்னைப் பழிவாங்குவதாகச் சமையல்கட்டில் அம்மா புலம்பினாள்.

பயமில்லை, நோய்தான் என்று தெரிந்தும் பழக்கம் போகவில்லை. "அந்தப் புள்ளய உக்காரச் சொல்லு" என்று பெரியப்பா அம்மாவிடம் எத்தனையோ முறை சொன்னார். சரி என்று சித்தி தலையாட்டுவாள், அவரைப் பார்த்ததும் எழுந்துவிடுவாள். இன்னும் இரண்டு முறை விழுந்தாள். இங்கே எழுந்து எழுந்து விழுவதற்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்தே இருக்கட்டும், அடுத்த முறை விழுந்தால் கூட்டிப்போய்விடுவேன் என்று அவள் அப்பா சொல்லியனுப்பினார்.

அன்றைக்கே பெரியப்பா களத்துக் கோடியில் இருந்த காப்பிக் குடோனுக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார். வீட்டுக்குள் வருவதையே விட்டுவிட்டார். சித்தியின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் போனார் என்று நான் முடிவுகட்டினேன். அவரோடு பேச்சை நிறுத்தினேன். சாப்பாடு கொண்டுபோனால் தட்டை டங்கென்று வைத்துவிட்டு வருவேன். பத்து நாள் கழித்துப் பொறுக்காமல், ஏன் இங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"இங்க நல்லாக் காத்து வருது கண்ணு" என்றார்.

அந்தக் குடோனில் ஜன்னலே கிடையாது. மிளகு மூட்டைகளின் நெடியில் அவர் தும்மிக்கொண்டிருந்தார். என்ன பொய் சொல்கிறார் பாருங்கள் என்று சித்தியிடம் போய்ச் சொன்னேன். அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

மறுநாள் மதியம் தட்டை என்னிடம் தராமல் அவளே எடுத்துக்கொண்டு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். தட்டைப் பெரியப்பா முன்னால் வைத்தாள். பிறகு எதிரில் கிடந்த சாக்கின்மேல் உட்கார்ந்தாள். எனக்குப் பகீரென்றது.

"ஊட்டுக்கு வாங்க மாமா. இனிமே எந்திரிக்க மாட்டனுங்க" என்றாள் தரையைப் பார்த்தபடி.

பெரியப்பா தட்டைத் தன் பக்கம் மெல்ல இழுத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"சரி சாமி" என்றார்.

பெரியப்பாவின் கோபம் தீர்ந்துவிட்டது, சித்தி மன்னிப்புக் கேட்டுவிட்டாள் என்று கத்திக்கொண்டே நான் அம்மாவிடம் ஓடினேன். அன்று மாலையே கட்டில் வீட்டுக்கு வந்தது. சித்தி உட்கார்ந்தபடி பரிமாறினாள், அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். ஆனாலும் என் சித்தியை அத்தனை நாள் ஒதுக்கிவைத்தவரை அவ்வளவு சுலபமாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மேலும் ஒரு வாரம் அவரோடு பேசாமலே இருந்தேன்.